பிரிட்டனில் மருந்து வேதியியலைத் தொழிலகப் பயிற்சி ஆண்டுடன் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘பிளேஸ்மென்ட்’ என்றால், படிப்பு முடியும் தறுவாயில் நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது. பிரிட்டனில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு: படிப்பின் நடுவே ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ ஓராண்டு சம்பளத்துடன் வேலை பார்த்துவிட்டு, மீண்டும் வகுப்புக்குத் திரும்புவதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அந்த இடத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகம் கையில் எடுத்துத் தருவதில்லை. அறிவிப்புகளைச் சொல்லும், விண்ணப்பத்தைத் திருத்தித் தரும், மாதிரி நேர்காணல் நடத்தும். ஆனால் விண்ணப்பித்துப் போட்டியிட்டு இடத்தைப் பெற வேண்டியவர் மாணவரே. படிப்பின் பெயரில் ‘தொழிலகப் பயிற்சியுடன்’ என்று அச்சிட்டிருப்பது, பயிற்சிக்குப் போக வழி இருக்கிறது என்பதற்கான அறிவிப்புதானே தவிர, அங்கே ஓர் இடம் காத்திருக்கிறது என்பதற்கான உறுதி அன்று. பள்ளியின் கடைசி ஆண்டில் படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனங்களுக்கு எழுதுவது வரை எல்லா முடிவுகளையும் இதை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

பாடத்தின் உள்ளே இருப்பது

மருந்து வேதியியல் என்ற பெயரைக் கேட்டதும் பாதி மருத்துவம், பாதி வேதியியல் என்று எண்ணிக்கொண்டு சேருபவர்கள் உண்டு. அது உண்மையில் கரிம வேதியியல். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படித்துக்கொண்டே மூலக்கூறுகளைக் கட்டுபவரின் கரிம வேதியியல். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டென்லேக்கின் குழுவிலிருந்து வந்த அட்ராக்யூரியம் இதற்கு நல்ல சான்று. அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்து அது. அத்தகைய மருந்து வேலை முடிந்ததும் உடலிலிருந்து விலக வேண்டும். ஆனால் கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுபட்ட நோயாளியிடம் அது விலகாமல் தங்கிவிடும். ஸ்டென்லேக் குழு இதற்குத் தேடிப் பிடித்த விடை, இளநிலை மாணவர் எவரும் படிக்கும் ஹாஃப்மன் நீக்கவினை. வழக்கமாக வலுவான காரமும் வெப்பமும் கேட்கும் அந்த வினை, உடலின் வெப்பநிலையிலும் இரத்தத்தின் மிதமான காரத்தன்மையிலுமே நடக்கும்படி மூலக்கூற்றின் அமைப்பை வகுத்தார்கள். உறுப்புகளின் உதவியை மட்டும் எதிர்பார்க்காமல் மருந்து தானே உடைந்து போகிறது. பாடப் புத்தகத்தின் வினை ஒன்று அறுவை அரங்குக்குள் போன இந்தக் கதை உங்களுக்குச் சுவைத்தால் இந்தப் படிப்பும் சுவைக்கும். நோயாளியைப் பார்க்க வேண்டும், மருந்துக் கடையில் ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது ஆசையானால், அதற்குரிய படிப்பு ஃபார்மசி. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டுப் பின்னால் வருந்துவது வீண்.

இன்னொரு கதை, ஒரு மருந்தை எப்படிப் படிப்படியாகச் செதுக்குகிறார்கள் என்பதைக் காட்டும். மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1964-இல் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, வயிற்றில் அமிலம் சுரக்கத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் வேலையைத் தொடங்கினார். ராபின் கானெலின் உள்ளிட்ட வேதியியலாளர்கள் ஹிஸ்டமினின் அமைப்பிலிருந்தே புறப்பட்டு, முதலில் புரிமமைடை அடைந்தார்கள். அதை மாத்திரையாக விழுங்கினால் உடலில் போதிய அளவு சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு வாய்வழியாகவும் வேலை செய்தது. ஆனால் நோயாளிகள் சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. மூலக்கூற்றில் இருந்த தயோயூரியாப் பகுதியின் மீது ஐயம் விழ, அதை எடுத்துவிட்டு சயனோகுவானிடினை வைத்தார்கள். அதுவே சிமெட்டிடின், 1976-இல் பிரிட்டனில் டாகமெட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்திலிருந்து 12 ஆண்டுகள். பிளாக் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வடிவமைப்பது, தயாரிப்பது, சோதிப்பது, கிடைத்ததை ஆராய்ந்து மீண்டும் வடிவமைப்பது என்ற இந்தச் சுற்றில், ஓராண்டு உள்ளே நின்று பார்ப்பதற்குத்தான் பயிற்சிக்குப் போகிறோம்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டுகள். பயிற்சி ஆண்டைச் சேர்த்தால் நான்கு. முதுநிலையையும் ஒன்றாகப் பிணைத்த எம்.கெம். அல்லது எம்.எஸ்சி.ஐ. பட்டம் நான்கு ஆண்டுகள். அதில் சில இடங்களில் மூன்றாம் ஆண்டையோ நான்காம் ஆண்டையோ நிறுவனத்தில் கழிக்கலாம், சில இடங்களில் பயிற்சியால் ஐந்தாம் ஆண்டு கூடும். ஸ்காட்லாந்தில் இளநிலையே நான்கு ஆண்டுகள் என்பதால் அங்கே ஒருங்கிணைந்த பட்டம் ஐந்து ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்கு முக்கியமானது. நான்கு ஆண்டு எம்.கெம். பட்டத்துக்குள்ளேயே பயிற்சியும் அடங்கியிருந்தால், அந்த ஆண்டில் நீங்கள் தவறவிடும் வகுப்புகளை மாலை வேளையிலும் வார இறுதியிலும் தொலைநிலையாகப் படித்துத் தேர்வெழுத வேண்டியிருக்கும். பகல் முழுவதும் ஆய்வகத்தில் நின்றுவிட்டு வந்து குவாண்டம் வேதியியலைத் திறப்பது எளிதன்று. பயிற்சிக்கென்று தனி ஆண்டு தரும் அமைப்பில் இந்தச் சுமை குறைவு. ஆனால் ஓராண்டு கூடுதலாகச் செலவாகும்.

லீட்ஸ், நாட்டிங்ஹாம், எடின்பரோ, கிளாஸ்கோ, மான்செஸ்டர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், லண்டன் இம்பீரியல் காலேஜ், லாஃப்பரோ, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் எனப் பல இடங்களில் மருந்து வேதியியல் வெவ்வேறு பெயர்களில் கற்பிக்கப்படுகிறது. ஸ்ட்ராத்கிளைடில் ‘மருந்து கண்டுபிடிப்புடன் வேதியியல்’ என்று ஒரு பட்டம் உண்டு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஷங்கர் பாலசுப்ரமணியன் கேம்பிரிட்ஜில் வகிப்பது மருந்து வேதியியல் பேராசிரியர் பதவி. உலகம் அவரை அறிந்ததோ டேவிட் கிளெனர்மனுடன் சேர்ந்து உருவாக்கிய டி.என்.ஏ. வரிசை படிக்கும் முறைக்காக. பலகையில் எழுதியிருப்பதை விட உள்ளே நடப்பதைப் பார்ப்பதே சரி என்பதற்காகச் சொல்கிறேன். நிறுவனங்கள் தேடுவது நல்ல கரிம வேதியியல் மாணவரை. ‘வேதியியல்’ என்று மட்டும் எழுதிய பட்டத்தோடு வருபவரும் மருந்து நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறார்கள். எனவே கரிம வேதியியல் ஆய்வக நேரம் குறைந்து, உயிரியல் விரிவுரைகள் மிகுந்த ஒரு ‘மருந்து வேதியியல்’ படிப்பை விட, ஆய்வகம் கனமாக உள்ள சாதாரண வேதியியல் படிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அந்தப் படிப்பு, பிரிட்டனின் வேதியியல் சங்கமான ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள்; அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டம் பின்னாளில் ‘சார்ட்டர்டு கெமிஸ்ட்’ என்ற தொழில்முறைத் தகுதிக்கான கல்வித் தேவையை நிறைவு செய்கிறது. அதோடு, பல்கலைக்கழகம் மாணவர்களை அழைக்கும் திறந்த நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. சென்ற ஆண்டு பயிற்சிக்குப் பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இடம் கிடைத்தது? எந்தெந்த நிறுவனங்களில்? இடம் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? பயிற்சிக்குப் போக இரண்டாம் ஆண்டு வரை எத்தனை மதிப்பெண் வைத்திருக்க வேண்டும்? பயிற்சி ஆண்டின் மதிப்பெண் பட்டத்தில் எத்தனை விழுக்காடு? முதல் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் நிறுவனங்களின் பெயர்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறவரிடம் அதே கேள்வியை மறுபடியும் பணிவாகக் கேளுங்கள்.

சேர்க்கைக்கு விண்ணப்பித்தல்

விண்ணப்பம் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகிறது. ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். 2026 சேர்க்கைக்கான கடைசி நாள் ஜனவரி 14 என்று வைத்தார்கள்; ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் முந்தைய அக்டோபர் 15. அந்தச் சேர்க்கையிலிருந்து, ஒரே நீண்ட கட்டுரையாக இருந்த தன்விளக்கம் மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரையிலான படிப்பு உங்களை இதற்கு எவ்வாறு தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகளையும் எண்ணி, 4,000 எழுத்துகள். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு மருந்துகள் மீது ஆர்வம்’ என்று தொடங்குவதை விட, வகுப்பில் ஆஸ்பிரின் தயாரித்தபோது உங்கள் விளைச்சல் ஏன் குறைந்தது, உருகுநிலை ஏன் பரந்து விழுந்தது என்று நான்கு வரி எழுதுவது தேர்வாளரை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

இங்கிலாந்தின் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவலில் வேதியியல் கட்டாயம். இரண்டாவது அறிவியல் பாடமோ கணிதமோ இருந்தால் நல்லது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருபவர்கள், தங்கள் வாரியத்துக்குரிய மதிப்பெண் வரம்பை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தியாவுக்கான பக்கத்தில் பார்க்க வேண்டும், சி.பி.எஸ்.இ.க்கு ஒரு வரம்பும் மாநில வாரியத்துக்கு வேறொரு வரம்பும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். சில ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்புகளுக்கு, வெளிநாட்டு மாணவர்கள் விசாவுக்கு முன் ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதிச் சான்றும் பெற வேண்டியிருக்கும். உங்கள் படிப்புக்கு அது தேவையா என்பதைச் சேர்க்கைக் கடிதத்திலேயே குறிப்பிடுவார்கள்.

முதல் ஆண்டு: விண்ணப்பம் எழுதப்படும் இடம்

பயிற்சிக்கான விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் போகிறது. அப்போது உங்கள் கையில் இருக்கும் பல்கலைக்கழக மதிப்பெண் முதல் ஆண்டினுடையது மட்டுமே. முதல் ஆண்டின் மதிப்பெண் பட்டத்தில் சேராது, தேறினால் போதும் என்று மூத்த மாணவர்கள் சொல்வார்கள். பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் நிறுவனம் பார்க்கப் போவது அதே மதிப்பெண்ணைத்தான் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டை ஓய்வாகக் கழித்தவர் இரண்டாம் ஆண்டு அக்டோபரில் படிவத்தின் முன்னால் உட்கார்ந்து திணறுவது ஆண்டுதோறும் நடக்கிற ஒன்று.

மதிப்பெண்ணை விடவும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஆய்வகக் கை. மெல்லேட்டு குரோமட்டோகிராபியில் புள்ளிகளைப் படிப்பது, ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பானைக் கொதித்துத் தெறிக்கவிடாமல் வடிப்பது, பிரித்தெடுக்கும் புனலில் எந்த அடுக்கு எது என்று ஐயமில்லாமல் அறிவது, சிலிக்கா நிரப்பிய குழாயில் பொருளைத் தூய்மைப்படுத்துவது. இந்தக் கடைசி வேலையைத்தான் ஆய்வகத்தில் சுருக்கமாக ‘காலம்’ (ஆங்கிலத்தில் column) போடுவது என்கிறோம்; தமிழில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருளும் அதற்கு நன்றாகவே பொருந்தும், ஒரு பிற்பகலையே விழுங்கிவிடும். இவற்றை முன்தயாரிப்போடு செய்யுங்கள். வினை சரியாக நடக்காத நாளில் ஏன் நடக்கவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். நேர்காணலில் ‘தோற்றுப்போன ஒரு சோதனையைச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி வருவது சாதாரணம். வெற்றிகளை மட்டும் எழுதிய குறிப்பேடு அங்கே கைகொடுக்காது.

இடம் தேடுதல்

பெரிய நிறுவனங்களின் அறிவிப்புகள் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வெளியாகின்றன. வேலை தொடங்குவதோ அடுத்த ஆண்டின் கோடையில். ஏறத்தாழ பத்து மாதங்களுக்கு முன்பே கதவு திறந்து, சில வாரங்களில் மூடியும் விடுகிறது. விண்ணப்பங்கள் போதிய அளவு வந்துவிட்டால் குறித்த நாளுக்கு முன்பே மூடிவிடும் நிறுவனங்களும் உண்டு. கோடை விடுமுறையிலேயே தன்விவரத்தை எழுதி முடித்து, துறையின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் காட்டித் திருத்தி வைத்திருப்பவருக்கே செப்டம்பர் பயன்படும்.

எங்கே தேடுவது என்பதில் பழைய வரைபடம் இப்போது உதவாது. ஒரு தலைமுறைக்கு முன் பிரிட்டனில் மருந்து வேதியியல் என்றால் சில பெரிய வளாகங்கள்: செஷயரில் ஆல்டர்லி பார்க், கென்ட்டில் சாண்ட்விச், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வேர், வெல்வின், ஸ்டீவனேஜ். பயிற்சி ஆண்டை நடுவில் வைத்த படிப்பை அங்கே ‘சாண்ட்விச் கோர்ஸ்’ என்று சொல்வார்கள். வயாக்ரா என்ற பெயரில் அறியப்படும் சில்டெனாஃபில் உருவான ஃபைசரின் வளாகமோ சாண்ட்விச் என்ற ஊரிலேயே இருந்தது, ஆகவே சாண்ட்விச்சில் சாண்ட்விச் ஆண்டு கழித்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். 2011-இல் அந்த ஆய்வு மையத்தை மூடப்போவதாக ஃபைசர் அறிவித்தது. இன்று அது பல நிறுவனங்கள் குடியிருக்கும் டிஸ்கவரி பார்க், ஃபைசரும் சிறிய அளவில் அங்கே தொடர்கிறது. அஸ்ட்ராஜெனகா தன் ஆய்வைக் கேம்பிரிட்ஜுக்கு நகர்த்த, ஆல்டர்லி பார்க் சிறு நிறுவனங்களின் வளாகமாகிவிட்டது. ஜி.எஸ்.கே. ஸ்டீவனேஜில் இருக்கிறது. பெரிய வளாகங்களில் செய்யப்பட்ட வேலையில் பெரும் பகுதி இன்று, பிற நிறுவனங்களுக்காக ஆய்வு செய்து தரும் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் நடக்கிறது: நாட்டிங்ஹாமில் சிக்னேச்சர் டிஸ்கவரி, ஆபிங்டனுக்கு அருகே மில்டன் பார்க்கில் எவோடெக், இங்கிலாந்தின் கிழக்கே சார்ல்ஸ் ரிவர். தயாரிப்பு வேலையின் ஒரு பங்கு ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் சீனாவுக்கும் போகிறது. பயிற்சிக்குப் போகும் தமிழ் மாணவர், தன் மேசைக்கு வரும் புட்டியில் ஹைதராபாத் முகவரியைப் பார்த்தால் வியப்படைய வேண்டியதில்லை.

பெயர் தெரிந்த மூன்று நிறுவனங்களுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பது, என் பார்வையில், இடம் கிடைக்காமல் போவதற்கான மிகப் பொதுவான காரணம். ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில் பெயர்ப் பளபளப்பு குறைவு. ஆனால் கை ஓயாது. வாடிக்கையாளருக்கு மூலக்கூறுகளைக் குறித்த நாளில் தர வேண்டியிருப்பதால், ஓராண்டில் நீங்கள் செய்யும் வினைகளின் எண்ணிக்கை பெரிய நிறுவனத்தில் இருப்பவருடையதை மிஞ்சவும் கூடும். பெரிய நிறுவனத்திலோ உயிரியல், உடலில் மருந்தின் போக்கு, கணினி வடிவமைப்பு ஆகிய குழுக்கள் ஒரே கட்டடத்தில் இருப்பதால் ஒரு திட்டத்தை முழுமையாகப் பார்க்கலாம். பயிர்ப் பாதுகாப்பு மருந்துகள் செய்யும் சின்ஜென்டாவின் ஜெலட்ஸ் ஹில் மையத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சையைக் கொல்லும் மூலக்கூற்றை வடிவமைக்கும் சிந்தனை, மனிதனுக்கான மருந்தை வடிவமைக்கும் சிந்தனைக்கு மிக அருகில் இருப்பது. பெரிய நிறுவனங்களிடமிருந்து மறுப்பு வந்துவிட்டால் ஜனவரியில் மனம் தளர வேண்டாம். சிறிய நிறுவனங்கள் வசந்தகாலம் வரையிலும் ஆள் எடுக்கின்றன, சில அறிவிப்பே இல்லாமல் நேரடியாக எழுதியவரை எடுக்கின்றன.

தன்விவரம் இரண்டு பக்கங்களைத் தாண்டக் கூடாது. அதில் ‘குழுவாக இயங்கும் திறன்’ என்று எழுதுவதற்குப் பதில், செய்த நுட்பங்களைப் பெயரிட்டு எழுதுங்கள்: எத்தனை படிகள் கொண்ட தயாரிப்பு, காற்றுப் புகாமல் வினை நடத்தியதுண்டா, மூலக்கூற்றின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியை நீங்களே இயக்கினீர்களா அல்லது தாளை மட்டும் வாங்கிப் படித்தீர்களா. செய்யாததைச் செய்ததாக எழுதினால் நேர்காணலின் முதல் பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும்.

நேர்காணலில் வெள்ளைப்பலகையும் பேனாவும் தருவார்கள். வினைவழிமுறைகளை அம்புக்குறிகளோடு வரையச் சொல்வார்கள். அமைடு உருவாக்குவதும், கார்பன் அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சுசுகி இணைப்பும் மருந்து வேதியியலாளர் மிக அதிகமாகப் பயன்படுத்தும் வினைகளில் அடங்கும் என்பதால், அவற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு என்.எம்.ஆர். நிறமாலையைக் காட்டி அமைப்பைக் கேட்பார்கள். பிறகு வடிவமைப்பு: இந்த மூலக்கூறு நீரில் கரையவில்லை, என்ன செய்வீர்கள்? கல்லீரலில் இந்த இடம் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, எப்படித் தடுப்பீர்கள்? கார்பாக்சிலிக் அமிலத்துக்குப் பதிலாக எதை வைக்கலாம்? அந்த இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளோரினை வைப்பது, இரத்த அழுத்த மருந்தான லோசார்ட்டனில் உள்ளதுபோல் அமிலத்தின் இடத்தில் டெட்ரசோல் என்ற நைட்ரஜன் வளையத்தை வைப்பது போன்ற விடைகள் எதிர்பார்க்கப்படுபவை. கிறிஸ்டோஃபர் லிபின்ஸ்கி 1997-இல் வெளியிட்ட ‘ஐந்தின் விதி’யும் வரும்: மூலக்கூற்று எடை 500-க்கும், கொழுப்பில் கரையும் தன்மையைக் காட்டும் லாக் பி 5-க்கும், ஹைட்ரஜன் பிணைப்புக் கொடையாளிகள் 5-க்கும், ஏற்பிகள் 10-க்கும் மேற்படாமல் இருப்பது வாய்வழி மருந்துக்கு நல்லது. எண்களை ஒப்பிப்பதோடு நின்றால் பாதி விடைதான். கொழுப்பில் மிகையாகக் கரையும் மூலக்கூறு ஏன் தொல்லை தருகிறது என்பதையும் சொல்லத் தெரிய வேண்டும். விடை தெரியாத இடத்தில் வாய்மூடி நிற்காமல், ‘எனக்குத் தெரிந்ததிலிருந்து இப்படி யோசிக்கிறேன்’ என்று உரக்கச் சிந்திப்பவரைத் தேர்வாளர்கள் விரும்புகிறார்கள். அவர்கள் தேடுவது ஓராண்டு தங்களோடு பக்கத்து மேசையில் நின்று பேசப்போகும் ஆளை. பெரியவர்கள் எதிரே வாதாடக் கூடாது என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சற்றுக் கூச்சமாக இருக்கும். துறை நடத்தும் மாதிரி நேர்காணலில் அந்தக் கூச்சத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

பணமும் விசாவும்

உள்நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் 2025-26-இல் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டு. முழு ஆண்டும் பயிற்சியில் இருந்தால் அந்த ஆண்டுக்கு அதில் 20 விழுக்காடு வரைதான் வாங்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு இந்த வரம்பு இல்லை; பயிற்சி ஆண்டுக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே தீர்மானிக்கிறது, சேருமுன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பட்டப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாமல் பயிற்சி செய்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வேதியியல் துறையில் சம்பளம் தருவதே வழக்கம். இருந்தாலும் தொகையைப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம், அதை அந்த ஊரின் வாடகையோடு வைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் போதாத சம்பளம் நாட்டிங்ஹாமில் தாராளமாக இருக்கக்கூடும். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் உண்டு. அரசின் வாழ்க்கைச் செலவுக் கடன், சம்பளத்துடன் பயிற்சி செய்யும் ஆண்டில் குறைந்த அளவே கிடைக்கும்.

மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு, படிப்பின் பிரிக்க முடியாத, மதிப்பிடப்படும் பகுதியான பயிற்சிக்குப் பொருந்தாது. பட்டப் படிப்பில் அது மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதிலிருந்து ஒரு நடைமுறை அறிவுரை பிறக்கிறது. உள்நாட்டு மாணவர் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டுப் பின்னால் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வது எளிது. விசாவில் வருபவருக்கு அப்படி மாறினால் படிப்பின் நீளமும் மாறி, விசாவை நீட்டிக்கும் வேலையும் செலவும் வந்து சேரும். அவர் தொடக்கத்திலேயே பயிற்சியுடன் கூடிய படிப்பில் சேர்வது மேல். இடம் கிடைக்காமல் குறுகிய படிப்புக்கு மாறினால், பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவிக்கும், விசாவும் குறுகும்; இதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு இந்த விதிகள் எல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். சிறிய நிறுவனங்களில் சிலர் ‘விசா’ என்ற சொல்லைக் கேட்டதுமே தயங்குவார்கள்; தாங்கள் எந்த அனுமதியும் வாங்கித் தர வேண்டியதில்லை, பல்கலைக்கழகமே பொறுப்பு என்று விளக்கும் கடிதத்தைத் துறையிடமிருந்து வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

அந்த ஓராண்டு

முதல் சில வாரங்கள் பாதுகாப்புப் பயிற்சியிலும் மின்னணுக் குறிப்பேட்டைப் பழகுவதிலும் போகும். ‘காஷ்’ எனப்படும் அபாயப் பொருள் மதிப்பீட்டை ஒவ்வொரு வினைக்கும் முன் எழுத வேண்டும். கல்லூரியில் ஆசிரியர் எழுதித் தந்ததை இங்கே நீங்களே எழுதுகிறீர்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு வினை நன்றாக நடக்கும்படி ஏற்கனவே சோதித்து வைத்திருப்பார்கள். இங்கே நீங்கள் செய்வது இதுவரை எவரும் செய்யாத மூலக்கூறாக இருக்கலாம்; வினை நடக்காமல் போவது அன்றாடம். விளைச்சல் குறைவு என்று வருந்தாதீர்கள், சோதனைக்குச் சில மில்லிகிராம் தூய பொருள் போதும். ஒரே வாரத்தில் பத்து ஒத்த அமைடுகளைச் செய்யும்போது அலுப்புத் தட்டும். அந்தப் பத்தின் சோதனை முடிவுகள் வரும் நாளில், எந்த மாற்றம் செயல்திறனைக் கூட்டியது என்று அட்டவணையில் பார்க்கும்போது, சிமெட்டிடின் கதையின் ஒரு வரியை நீங்களே எழுதியதுபோல் இருக்கும். அடுத்து எதைச் செய்யலாம் என்ற உங்கள் யோசனையைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறையாவது முன்வையுங்கள். நிராகரிக்கப்பட்டாலும் ஏன் என்ற காரணத்தைக் கேட்பது ஒரு பாடவேளைக்குச் சமம்.

பல்கலைக்கழக மேற்பார்வையாளர் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து பார்ப்பார். இறுதியில் அறிக்கையும் உரையும் உண்டு. இங்கேதான் பலரும் எதிர்பாராத சிக்கல் வருகிறது. காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குப் பிறகே வெளியாகும் என்பதால், நீங்கள் செய்த மூலக்கூறுகளின் அமைப்பு நீங்கள் பட்டம் பெறும் வரையிலும் கூட மறைவாகவே இருக்கலாம். அறிக்கையில் அமைப்பின் பகுதிகளை மறைத்துத்தான் வரைய முடியும். நிறுவனத்தின் சட்டப் பிரிவு படித்து ஒப்புதல் தந்த பிறகே அதைச் சமர்ப்பிக்க முடியும், அந்த ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே அறிக்கையின் வரைவைக் கடைசி மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடமும் வாட்ஸ்ஆப் குழுவிலும் ஆய்வகப் படங்களைப் பகிர்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பின்னால் இருக்கும் பலகையில் யாரோ வரைந்துவைத்த அமைப்பு படத்தில் விழுந்துவிட்டால் அது விளையாட்டன்று.

கிளம்பும் வாரத்தில் செய்ய வேண்டியவை மூன்று. குறிப்பேட்டின் எல்லாப் பதிவுகளையும் முடித்து, அடுத்து வருபவர் உங்களைத் தேடாமலே வினையைத் திரும்பச் செய்யும்படி எழுதிவைப்பது ஒன்று. மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதத்துக்குச் சம்மதம் கேட்பது இன்னொன்று. முனைவர் பட்டத்துக்கோ வேலைக்கோ அடுத்த இலையுதிர்காலத்திலேயே அது தேவைப்படும். மூன்றாவது, வேலையைப் பற்றி வெளியில் எதைச் சொல்லலாம், எந்த இலக்கு நோயின் பெயரைத் தன்விவரத்தில் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று மின்னஞ்சலில் எழுத்தாகவே கேட்டுப் பெறுவது. அடுத்த நேர்காணலில் ‘அங்கே என்ன செய்தீர்கள்’ என்று கேட்கும்போது, அந்த மின்னஞ்சலில் உள்ள இரண்டு வரிகளுக்குள் நின்றுதான் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.